பழைய அலுமினிய ஜெட் படகு வாங்கும் முன்: அடித்தட்டில் தொடங்கி ஓட்டிப் பார்ப்பது வரை

அடி வாங்காத பழைய ஜெட் படகு என்று ஒன்று கிடையாது. தண்ணீரை அடியில் உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி, அந்த உதைப்பில் ஓடும் இது, முழங்கால் ஆழம்கூட இல்லாத ஆற்றில் கூழாங்கற்களுக்கு மேலே ஓடுவதற்காகவே செய்யப்பட்டது. நியூசிலாந்தின் தெற்குத் தீவில் புரொப்பெல்லர் படகு நுழைய முடியாத ஆறுகளுக்காக பில் ஹாமில்டன் 1950களில் இதற்கு உருக்கொடுத்தார். 1960இல் அவருடைய படகுகள் கொலராடோ ஆற்றில் கிராண்ட் கேன்யன் வழியாக நீரோட்டத்தை எதிர்த்து ஏறிக் காட்டின. அப்படிப்பட்ட வேலைக்கென்று பிறந்த படகை ‘அடியில் ஒரு கீறல்கூட இல்லை’ என்று யாராவது விற்றால், ஒன்று அது கொட்டகையை விட்டு வெளியே வந்ததே இல்லை, இல்லையென்றால் அடியில் புதுப் பெயின்ட் இருக்கிறது. அதனால் அடிபட்டதா என்று கேட்டுப் பயனில்லை. எங்கே அடிபட்டது, அதை யார் எப்படிச் சரிசெய்தார், ஜெட் எவ்வளவு மணலைத் தின்றிருக்கிறது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இங்கே பெரும்பாலும் உள்ளே இன்ஜின் வைத்த, பற்றவைத்துச் செய்த அலுமினியப் படகைப் பற்றிச் சொல்கிறேன். பின்னால் மாட்டும் அவுட்போர்டு ஜெட்டுக்கு எங்கே வேறுபடுகிறதோ அங்கே தனியாகச் சொல்லிவிடுகிறேன்.

கிளம்புவதற்கு முன்

போனில் நாலு கேள்வி போதும். எந்த ஆற்றில், எந்த நீரில் ஓடியது? உப்புநீரில் இறங்கியிருக்கிறதா? ஜெட்டை கடைசியாக எப்போது பிரித்துப் பார்த்தார்கள், ரசீது இருக்கிறதா? அடித்தட்டில் வெல்டிங் வேலை நடந்திருக்கிறதா? பதிலைவிட, பதில் வரும் வேகத்தைக் கவனியுங்கள். ஆற்றோட்டக்காரர்கள் எந்தப் பாறையில் இடித்தார்கள் என்பதைக்கூடக் கதையாகச் சொல்வார்கள். ‘எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை’ என்பவரிடம் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேண்டுகோளும் வைத்துவிடுங்கள்: நான் வரும்வரை இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள், பில்ஜில், அதாவது தரைக்குக் கீழே அடித்தட்டின் உள்பக்கம், இருக்கும் தண்ணீரை வெளியேற்றாதீர்கள். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் எப்படிக் கிளம்புகிறது என்பதை உங்களுக்குக் காட்ட அவருக்கு விருப்பமில்லை என்று அர்த்தம்.

எடுத்துப்போக வேண்டியவை: நல்ல டார்ச், ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான அலுமினியப் பட்டை, சிறிய கண்ணாடி, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), மல்டிமீட்டர், கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டரின் அழுத்தம் அளப்பது), தரையில் விரிக்க ஒரு பழைய பாய், அழுக்கானால் கவலைப்படாத சட்டை. விரிசல் கண்டுபிடிக்கும் சாயம், அதாவது வெல்டர்கள் பயன்படுத்தும் டை பெனட்ரன்ட் ஸ்ப்ரே, ஒரு செட் கிடைத்தால் இன்னும் நல்லது.

படகுக்கு அடியில் படுங்கள்

ட்ரெய்லர் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, மேலே எதையும் பார்க்காமல் நேராக அடியில் போய்ப் படுங்கள். இருக்கை, ஸ்டீரியோ எல்லாவற்றையும் பார்த்து மனசு மயங்குவதற்கு முன்னாலேயே அடித்தட்டைப் பார்த்துவிட வேண்டும்.

டார்ச்சைத் தட்டுக்கு நேராக அடிக்காமல், தட்டை ஒட்டிச் சாய்வாக அடியுங்கள். நேர்வெளிச்சத்தில் தெரியாத பள்ளமும் மேடும் நிழலாக எழுந்து நிற்கும். நீளவாக்கில் ஓடும் கீறல்கள் சாதாரணம், அவற்றை விட்டுவிடுங்கள். ஆழமில்லாத, வட்டமான பள்ளங்களும் பரவாயில்லை. கவலைப்பட வேண்டியவை மூன்று: கூர்மையாக மடிந்த பள்ளம், உள்ளே இருக்கும் குறுக்குச் சட்டத்தின் வடிவம் வெளியே வரிவரியாகத் தெரிவது, வெல்டிங் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் பள்ளம். இரண்டாவது இருந்தால், படகு எங்கோ பலமாக விழுந்திருக்கிறது, உள்ளே சட்டங்களும் வளைந்திருக்கலாம்.

இப்போது அந்த நேரான பட்டையை எடுத்து, இன்டேக் வாய்க்கு முன்னால் இருக்கும் தட்டில் நீளவாக்கில் வையுங்கள். ஜெட் படகில் மிக முக்கியமான இடம் இதுதான். ஜெட்டுக்குள் போகும் தண்ணீர் இந்தத் தட்டை ஒட்டி வழுக்கிக்கொண்டு வந்து உள்ளே ஏற வேண்டும். இங்கே ஒரு பள்ளமோ, துருத்திக்கொண்டிருக்கும் ரிவெட்டோ, பிதுங்கிய வெல்டோ இருந்தால் தண்ணீரோடு காற்றும் கலந்து போகும். ஜெட் காற்றைக் குடித்தால் இன்ஜின் கத்தும், படகு நகராது. மீன் தேடும் கருவியின் சென்சாரை யாராவது இன்டேக்குக்கு நேர் முன்னால் மாட்டியிருந்தாலும் இதே கதைதான். நல்லவேளையாக அதைக் கழற்றி வேறிடத்தில் வைத்துவிடலாம்.

அதே பட்டையைப் பின்பக்க ஓரத்திலும் வைத்துப் பாருங்கள். கடைசி ஓரிரு அடியில் தட்டு கீழ்நோக்கி வளைந்திருந்தால் வேகத்தில் முன்பக்கம் தண்ணீரைக் குத்தும். மேல்நோக்கி வளைந்திருந்தால் படகு குதிரைபோல எழும்பி எழும்பி ஓடும்.

சில படகுகளின் அடியில் யூஎச்எம்டபிள்யூ எனும் கெட்டியான பிளாஸ்டிக் தகடு அடித்திருப்பார்கள். கல்லில் வழுக்கிப்போக அருமையான ஏற்பாடு. ஆனால் அதற்குப் பின்னால் இருப்பதை நீங்கள் பார்க்க முடியாது. தகட்டின் விளிம்பில் மணல் புகுந்திருக்கிறதா, திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். உள்பக்கம் தரையைத் தூக்கி அதே இடத்தைச் சோதிக்காமல் அந்தப் படகுக்கு விலை பேசாதீர்கள்.

வெல்டிங் சொல்லும் கதை

அலுமினியம் பற்றவைத்த இடத்தை ஒட்டித்தான் பலவீனமாகும். படகுத் தட்டுகளுக்கு 5052, 5083, 5086 போன்ற ரகங்கள் பயன்படுகின்றன, சட்டங்களுக்குப் பெரும்பாலும் 6061. பற்றவைக்கும் சூட்டில் 6061 தன் பலத்தில் பெரும்பகுதியை இழந்துவிடும். அதனால் விரிசல் வெல்டின் நடுவில் தொடங்குவதைவிட, வெல்டும் தட்டும் சேரும் கோட்டில்தான் தொடங்கும். மயிரிழை போல, பென்சிலால் கோடு போட்ட மாதிரி இருக்கும். சில நேரம் அந்தக் கோட்டிலிருந்து கறுப்பாக ஒரு கசிவு வழிந்திருக்கும்.

தேட வேண்டிய இடங்கள்: பக்கத்தட்டும் அடித்தட்டும் சேரும் மூலை, நீளச் சட்டங்கள் முடியும் இடம், பின்தட்டின் கீழ் மூலைகள், இன்டேக்கைச் சுற்றி, இன்ஜின் தாங்கிகள். சட்டம் ‘திடீரென்று’ முடியும் இடத்தில் கூடுதலாக நேரம் செலவிடுங்கள். அங்கேதான் அதிர்ச்சி முழுவதும் போய்த் தேங்கும்.

சந்தேகமான இடம் கிடைத்தால் சாயத்தை எடுங்கள். விற்பவரிடம் கேட்டுவிட்டு, அந்த இடத்தின் பெயின்ட்டையும் எண்ணெயையும் நன்றாகத் துடைத்து நீக்குங்கள். சிவப்புச் சாயத்தை அடித்து, டப்பாவில் சொன்ன நேரம் காத்திருங்கள், வழக்கமாகப் பத்துப் பதினைந்து நிமிடம். பிறகு துணியால் துடைத்துவிட்டு வெள்ளைப் பவுடரை மெல்லிசாக அடியுங்கள். விரிசல் இருந்தால் அதற்குள் ஒளிந்திருந்த சாயம் வெள்ளையின் மேல் சிவப்புக் கோடாக ஊறி வெளியே வரும். கூடவே நிற்கும் விற்பவருக்கும் அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

பழைய பழுதுபார்ப்பு இருந்தால் பயப்பட வேண்டாம், அதன் தரத்தைப் பாருங்கள். வெட்டியெடுத்து, மூலைகளை வட்டமாக்கி, புதுத் தட்டைச் சமமாக வைத்துப் பற்றவைத்திருந்தால் தொழில் தெரிந்தவர் செய்தது. விரிசலின் மேலேயே ஒரு தட்டை ஒட்டுப்போட்டுச் சுற்றிலும் பற்றவைத்திருந்தால், அடியில் விரிசல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். வெல்டில் சின்னச் சின்ன ஓட்டைகளும் கரியும் தெரிந்தால் அழுக்கை நீக்காமலே பற்றவைத்திருக்கிறார்கள். எபாக்சி பூசி மறைத்திருந்தால், அது ஆற்றங்கரையில் வீடு திரும்புவதற்காகச் செய்த அவசர வேலை. அதை யாரும் பிறகு முடிக்கவே இல்லை.

தரையைத் தூக்குங்கள்

பில்ஜில் கிடக்கும் தண்ணீரைப் பாருங்கள். எண்ணெய் மிதக்கிறதா? மணல் படிந்திருக்கிறதா? கையை விட்டுத் துழாவினால் சில நேரம் ஆணி, ஒயர் துண்டு, தூண்டில் ஈயம் எல்லாம் வரும். செம்புத் துண்டோ செப்பு நாணயமோ ஈர அலுமினியத்தில் கிடந்தால் அந்த இடத்தைக் குழி போட்டுவிடும்.

வெள்ளைப் பவுடர் பூத்திருக்கும் இடங்களைத் துடைத்துப் பாருங்கள். மேலோட்டமாகப் போய்விட்டால் பிரச்சினை இல்லை. நகத்தை விட்டால் மாட்டும் குழி இருந்தால், அதன் ஆழம் தட்டின் கனத்தில் எவ்வளவு என்பதுதான் கேள்வி. ஈரக் கார்ப்பெட், ஊறிப்போன ஃபோம், மரப்பலகை, இவை அலுமினியத்தோடு ஒட்டிக் கிடக்கும் இடங்களில்தான் இது அதிகம். காற்றுப் படாத ஈரம் அலுமினியத்துக்கு ஆகாது. தரைக்கு யாராவது செம்பு உப்பு ஏற்றிப் பதப்படுத்திய பலகை போட்டிருந்தால் இன்னும் மோசம்.

மிதப்பதற்காக அடைத்த ஃபோமில் ஒரு துண்டைப் பிய்த்துப் பிழிந்து பாருங்கள். தண்ணீர் வந்தால் படகு எப்போதும் கூடுதல் எடையைச் சுமந்துகொண்டு ஓடியிருக்கிறது. அதை எடுத்து மாற்றுவது பெரிய வேலை, தரை முழுவதையும் பிரிக்க வேண்டும்.

எரிபொருள் தொட்டி ஃபோமுக்குள் புதைந்திருந்தால் அதைப் பார்க்கவே முடியாது. மூக்கை நம்புங்கள். மூடியிருந்த அறையைத் திறந்த கணத்தில் பெட்ரோல் வாடை அடித்தால், ‘நேற்றுதான் நிரப்பினேன்’ என்ற பதிலை ஏற்காமல் காரணத்தைக் கண்டுபிடித்த பிறகே மேலே போங்கள்.

மின்சாரம் தின்ற இடம்

துத்தநாகம், மெக்னீசியம் அல்லது அலுமினியக் கலவையில் செய்த, படகுக்குப் பதிலாகத் தாங்களே அரிபட்டுக் கரையும் பலித்துண்டுகள் அடியில் மாட்டியிருக்கும். பாதி கரைந்திருந்தால் நல்லது, வேலை செய்கின்றன. முழுவதும் கரைந்துபோயிருந்தால் அதற்குப் பிறகு படகே கரைந்திருக்கிறது. பல வருடமாகியும் புதிதாகவே இருந்தால் இணைப்பு இல்லை, அல்லது யாரோ அதன் மேல் பெயின்ட் அடித்துவிட்டார்கள்.

ஒயரிங்கில் ஒரே ஒரு விஷயத்தை உறுதிசெய்யுங்கள்: ஒவ்வொரு விளக்குக்கும் பம்புக்கும் இரண்டு ஒயர் போய்த் திரும்புகிறதா? காரில் செய்வதுபோல நெகட்டிவை உடம்பில் திருகி விட்டிருந்தால், படகின் தட்டு வழியாகவே மின்சாரம் ஓடுகிறது. இன்ஜின் பிளாக் வழியாக ஒரே இடத்தில் தட்டும் நெகட்டிவும் சேர்வது உள் இன்ஜின் படகுகளில் சகஜம். கண்ட இடத்தில் சேர்வதுதான் தப்பு. எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, பாசிட்டிவ் கேபிளைக் கழற்றி நடுவில் மீட்டரை வையுங்கள். சில மில்லி ஆம்பியர் என்றால் ரேடியோ நினைவகமோ இன்ஜின் கம்ப்யூட்டரோ எடுப்பது. அதைவிட நிறையப் போனால் எங்கோ கசிகிறது. மீட்டரை வைத்துக்கொண்டு மறந்தும் ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள்.

ஜெட்டுக்குள்

சாவியை உங்கள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பேட்டரியைத் துண்டித்த பிறகுதான் இன்டேக்குக்குள் கை போக வேண்டும்.

முதலில் இன்டேக் கம்பிகள். வளைந்த கம்பி இருந்தால் கல் மோதியிருக்கிறது. கம்பி உடைந்து காணாமல் போயிருந்தால் அந்தத் துண்டு உள்ளே போயிருக்கலாம். பிறகு டார்ச்சையும் கண்ணாடியையும் வைத்து இம்பெல்லரின், அதாவது தண்ணீரை உறிஞ்சித் தள்ளும் சுழல்விசிறியின், முன்விளிம்பைப் பாருங்கள். அது கத்தி முனைபோல இருக்க வேண்டியது. மணலில் ஓடி ஓடி மழுங்கி, விரல் நுனி மாதிரி உருண்டையாகியிருக்கும். சின்ன மழுங்கல், சின்ன வெட்டு என்றால் அரம் போட்டுச் சரிசெய்துவிடலாம். இலையின் ஒரு துண்டே பெயர்ந்திருந்தால் சமநிலை போய்விட்டது, பேரிங்கும் அடிவாங்கியிருக்கும். விளிம்புக்குச் சற்றுப் பின்னால் ஸ்பாஞ்சு மாதிரி பொரிந்திருந்தால் அது கேவிடேஷன், அதாவது நீர்க்குமிழிகள் உடைந்து உலோகத்தை அரித்தது; காற்றோ அடைப்போ நீண்ட காலமாக இருந்திருக்கிறது.

அடுத்து இடைவெளி. இம்பெல்லரின் நுனிக்கும் அதைச் சுற்றியிருக்கும் வேர் ரிங்குக்கும் (தேய்வதற்கென்றே வைத்த வளையம்) நடுவே ஃபீலர் கேஜை நுழையுங்கள். தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள எண்தான் சரியானது. அது கையில் இல்லையென்றால் பொதுவாக ஒரு பக்கத்துக்கு முக்கால் மில்லிமீட்டருக்குள் இருந்தால் மகிழ்ச்சி, ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால் ரிங் செலவை விலையில் கழித்துவிடுங்கள். ஒரே இடத்தில் அளந்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். நாலு திசையிலும் அளந்து, ஒரு பக்கம் குறைவாகவும் எதிர்ப்பக்கம் அதிகமாகவும் வந்தால் ஷாஃப்ட் நடுவில் இல்லை. பேரிங் தேய்ந்திருக்கலாம், ஷாஃப்ட் வளைந்திருக்கலாம். இரண்டுமே வேர் ரிங்கைவிடப் பெரிய செலவு.

ஷாஃப்ட்டைக் கையால் சுற்றுங்கள். சுமை தெரிந்தாலும் வழுவழுப்பாகச் சுற்ற வேண்டும். கரகரவென்று உணர்ந்தால் பேரிங். முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள், தெளிவாக ஆடினால் த்ரஸ்ட் பேரிங். இன்ஜினிலிருந்து ஜெட்டுக்குப் போகும் ஷாஃப்ட்டின் இணைப்புகளிலும் ஆட்டம் இருக்கக் கூடாது. சீல் பகுதியைச் சுற்றி உப்பு அல்லது துரு தெறித்த வட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். கயிறு திணித்த பழைய வகை சீலில் ஓடும்போது சொட்டுச் சொட்டாக விழுவது வழக்கமானது, மெக்கானிக்கல் சீலில் விழக் கூடாது.

பின்னால் வந்து, பாயும் நீரை முன்பக்கம் திருப்பிப் படகைப் பின்னால் நகர்த்தும் ரிவர்ஸ் பக்கெட்டையும், நீரைப் பக்கவாட்டில் திருப்பும் ஸ்டீயரிங் முனையையும் கையால் ஆட்டுங்கள். ஸ்டீயரிங் சக்கரத்தைத் திருப்பி, முனை எப்போது நகரத் தொடங்குகிறது என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அவுட்போர்டு ஜெட் என்றால் இது எளிது. கூம்பு வடிவ இம்பெல்லர் தேயும்போது ஷிம் எனும் மெல்லிய வளையங்களை இடம் மாற்றி அதை வெளிச்சுற்று உறையான லைனருக்கு நெருக்கிக்கொண்டே போவார்கள். எல்லா வளையங்களும் ஏற்கெனவே இடம் மாறிவிட்டிருந்தால் லைனரின் ஆயுள் முடியப்போகிறது. இந்த வகையில் இன்ஜின் பலத்தில் சுமார் 30 சதவீதம் ஜெட்டில் போய்விடும். விளம்பரத்தில் போட்ட குதிரைத்திறன் இன்ஜினுடையதா, ஜெட்டில் மிஞ்சுவதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்ஜின்

ஆயில் குச்சியில் பால்போல வந்தால் அங்கேயே விடைபெறலாம். கம்ப்ரஷன் எல்லா சிலிண்டரிலும் பார்க்க வேண்டும். எண் எவ்வளவு என்பதைவிட ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகிறது என்பது முக்கியம். 10–15 சதவீதத்துக்குள் இருந்தால் சரி.

ஜெட் படகின் இன்ஜின் கார் இன்ஜின்போல ஓய்வெடுக்காது. ஓடும் நேரமெல்லாம் மேடு ஏறும் சுமையில்தான் ஓடும். கம்ப்யூட்டர் உள்ள இன்ஜின் என்றால் மொத்த மணிநேரத்தையும், எந்த ஆர்பிஎம்மில் எவ்வளவு நேரம் ஓடியது என்பதையும் மெக்கானிக்கால் படித்துச் சொல்ல முடியும். டேஷில் உள்ள மீட்டரைவிட அதை நம்பலாம்.

ஆற்றுநீரை நேராக இன்ஜினுக்குள் விட்டுக் குளிரவைக்கும் வகையா, தனிக் கூலன்ட் ஓடும் மூடிய வகையா என்று பாருங்கள். முதல் வகையில் மணல் பிளாக்குக்குள் போய்ப் படியும். வடிகால் திருகைக் கழற்றினால் தண்ணீருக்குப் பதிலாகச் சேறு வந்தால் புரிந்துகொள்ளுங்கள். குளிர்காலத்தில் நீர் உறையும் ஊரில் இருந்த படகு என்றால், வடிக்காமல் விட்டுப் பிளாக் வெடித்த தடயம் இருக்கிறதா என்று வெளிச்சுவர்களில் தேடுங்கள். ஸ்டார்ட்டர், ஆல்டர்நேட்டர், ஃபியூயல் பம்ப் எல்லாம் மரைன் ரகம்தானா என்றும் பாருங்கள். கார் பாகத்தின் பொறி, மூடிய அறையில் சேர்ந்த பெட்ரோல் ஆவியைப் பற்றவைத்துவிடும்.

தண்ணீரில்

இந்தச் சோதனை இல்லாமல் எந்தப் படகையும் வாங்காதீர்கள். உரிமையாளர் மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

முதலில் உரிமையாளரே ஓட்டட்டும். இன்ஜின் அறையின் ஆவியை வெளியேற்றும் காற்றூதியை நாலைந்து நிமிடம் ஓடவிட்டு, மோந்து பார்த்த பிறகு ஸ்டார்ட். ரிவர்ஸ் பக்கெட் நடுவில் இருக்கும்போது படகு ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். பெரும்பாலான ஜெட் படகில் நியூட்ரல் கியர் கிடையாது, தண்ணீர் எப்போதும் பாய்ந்துகொண்டேதான் இருக்கும்.

இப்போது முழு த்ராட்டில். ஆர்பிஎம், வேகம் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜெட் படகின் பெரிய வசதி இங்கேதான் இருக்கிறது. படகு எவ்வளவு வேகமாகப் போனாலும், இம்பெல்லர் இழுக்கும் பலம் கிட்டத்தட்ட ஆர்பிஎம்மை மட்டுமே பொறுத்தது, அதுவும் ஆர்பிஎம்மின் மூன்றாம் அடுக்கின் (ஆர்பிஎம் × ஆர்பிஎம் × ஆர்பிஎம்) விகிதத்தில். ஒரு படகு நல்ல நிலையில் 4,400 ஓட வேண்டியது என்று வைத்துக்கொள்வோம். 4,000தான் ஓடுகிறது என்றால் பார்க்கப் பெரிய வித்தியாசமாகத் தெரியாது; ஆனால் இன்ஜின் தன் பலத்தில் நாலில் ஒரு பங்கை இழந்துவிட்டது என்று அர்த்தம். தனியாக டைனமோமீட்டர் தேவையில்லை, ஜெட்டே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. மாறாக ஆர்பிஎம் 4,400ஐத் தாண்டி, வேகம் குறைவாக இருந்தால் இன்ஜின்மேல் குற்றமில்லை. ரிங் தேய்ந்திருக்கிறது, அல்லது ஜெட் காற்றைக் குடிக்கிறது. சரியான எண்ணை இன்ஜின், ஜெட், இம்பெல்லர் மாடல் மூன்றையும் வைத்துத் தயாரிப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மலைமேல் உள்ள ஏரியில் ஓட்டினால் இன்ஜின் கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும், அதையும் கணக்கில் எடுங்கள்.

பிறகு வளைவுகள். இரண்டு பக்கமும் இறுக்கமாகத் திருப்புங்கள். ஒரு பக்கம் மட்டும் ஜெட் பிடி விட்டு இன்ஜின் கத்தினால், நீங்கள் பட்டை வைத்துப் பார்த்த அடித்தட்டை மறுபடி நினைத்துப் பாருங்கள். த்ராட்டிலைக் குறைத்தால் திருப்பும் சக்தியும் போய்விடும் என்பதை, ஜெட் படகுக்குப் புதியவர் என்றால், நிதானமான வேகத்தில் அங்கேயே பழகிக்கொள்ளுங்கள். வேகமாகப் போகும்போது பக்கெட்டைத் தடாலென்று இறக்கிச் சோதிக்க வேண்டாம்.

கரைக்கு வந்ததும் பில்ஜைத் திறங்கள். போகும்போது உலர்ந்திருந்த இடத்தில் இப்போது எவ்வளவு தண்ணீர்? சீலிலிருந்தா, வெல்டிலிருந்தா? தெரியவில்லை என்றால் ட்ரெய்லரில் ஏற்றிய பிறகு பில்ஜுக்குள் சில வாளித் தண்ணீர் ஊற்றி, அடியில் போய் எங்கே சொட்டுகிறது என்று பாருங்கள். அளவோடு ஊற்றுங்கள், ஒரு லிட்டர் ஒரு கிலோ.

காகிதம், ட்ரெய்லர், விலை

பின்தட்டின் வலது மேல்மூலையில் படகின் அடையாள எண் பொறித்திருக்கும். அதைப் பதிவுக் காகிதத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். சுற்றி கிரைண்டர் தேய்த்த தடமோ புதுப் பெயின்ட்டோ இருந்தால் பேச்சை அதோடு நிறுத்திக்கொள்ளலாம். கடன் பாக்கி இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். ட்ரெய்லருக்குத் தனி எண், தனிக் காகிதம். சக்கர பேரிங்கும் பிரேக்கும் பார்த்தால் போதும்.

விலை பேசும்போது எல்லாக் குறையையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். வேர் ரிங், மழுங்கிய இம்பெல்லர், சீல், பலித்துண்டு, இருக்கை உறை, இவை காசு கொடுத்தால் தீர்ந்துவிடும்; பாகத்தின் விலையைக் கேட்டுக் கழித்துக்கொள்ளுங்கள். இன்டேக்கைச் சுற்றி விரிசல், வளைந்த உள்சட்டம், தட்டின் கனத்தில் பாதியைத் தின்ற குழிகள், ஒயரிங் வழியாகத் தட்டு முழுக்கப் பரவிய அரிப்பு, இவற்றுக்கு எவ்வளவு குறைத்தாலும் நான் வாங்கமாட்டேன். நடுவில் இருப்பது ஊறிய ஃபோமும் பலவீனமான இன்ஜினும். உங்களுக்கு வெல்டிங் தெரிந்த நண்பரும் ஒரு குளிர்காலமும் கைவசம் இருந்தால் அவற்றில் லாபம்கூட உண்டு. இல்லையென்றால் பணத்தை எண்ணுவதற்கு முன் ஒரு மரைன் சர்வேயரை, அதாவது படகைச் சோதித்துச் சொல்லும் நிபுணரை, அழைத்துத் தட்டின் கனத்தை மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.